பச்சை வாளியின் முறை

குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்ட வாடகைக்காரி மைசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்ற ஏழு குடித்தனக்காரர்களும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றபோது, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். காரணம் வேறொன்றுமில்லை, குளியலறைதான்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் ஒரே காம்பவுண்டில் எட்டு ஓட்டு வீடுகள், நடுவில் முற்றம், மூலையில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு குளியலறைகள். கன்னடத்தில் வடார என்பார்கள், தமிழில் ஒண்டுக்குடித்தனம். கல்யாணமாகி அங்கே வந்து பதினெட்டு வருஷம் இருந்தேன். காலையில் குளிக்க ஆள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, வாளியை வைத்தால் போதும். யார் வாளி என்ன நிறம் என்று எல்லோருக்கும் தெரியும். என்னுடையது பச்சை. அடுத்தவர் வாளியை நகர்த்தி வைத்தால் அன்றைக்கு முழுக்க இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் அதுவும் நிம்மதியில்லை. சோப்பைக் கையில் எடுக்கும்போதே வெளியிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வரும்: "ஆய்த்தா சிஸ்டர்?" நான் ஆஸ்பத்திரி நர்ஸ், அதனால் வடார முழுக்க எனக்கு சிஸ்டர் என்றே பெயர். அக்கா ஒரு அரசாங்க ஆபீஸில் அட்டெண்டர். பிறந்தது தமிழ் வீட்டில்தான், ஆனால் 'முடிந்ததா' என்கிற அவசரம் மட்டும் அவருக்குக் கன்னடத்தில் வரும். பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் முதுகுக்கு ஒழுங்காகச் சோப்புப் போட்டதில்லை. என் ஜெபத்தில் உலக சமாதானத்துக்கு அடுத்த இடம் வீட்டுக்குள் இருக்கும் ஒரு குளியலறைக்குத்தான். சில நாட்களில் இடம் மாறியும் இருக்கும்.

வீட்டுக்காரர் முன்பக்கத்து மாடி வீட்டில் இருந்தார். ரிட்டயர்டு ஆபீஸர், நல்ல மனுஷர், ஆனால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அங்கே கேட்டதை ஒரு வாரம் பேசுவார். அவரிடம் ஒரு கார் உண்டு. அது எங்கள் சந்துக்குள் நுழையாது. அதனால் சரஸ்வதிபுரத்தில் தம்பி வீட்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துப் போய், காரைப் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு, ஆட்டோவிலேயே திரும்பி வருவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஊரின் வருங்காலத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டமொன்றுக்குப் போய்வந்தார். ஊர் ரிங் ரோட்டைத் தாண்டிப் படுத்துக்கொண்டே போகிறதாம், இனிமேல் எழுந்து நிற்க வேண்டுமாம். ஊர் நடுவில் நிறைய ஜனங்கள் குடியிருந்தால்தான் ஊருக்கு நல்லதாம். அதற்குத் தன் பங்காக எங்கள் எட்டு வீட்டையும் இடித்துவிட்டு மாடிமேல் மாடியாகக் கட்டப்போவதாகச் சொன்னார். நான் மனதார ஆமோதித்தேன். நிற்கட்டும், ஊர் எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும் நிற்கட்டும், எனக்கான குளியலறையை மட்டும் ஏதாவது ஒரு மாடியில் வைத்துவிட்டால் சரி.

அடுத்து ஆர்க்கிடெக்ட் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தமிழும் கன்னடமும் சரளம். வடார மொத்தமும் அவரை இன்ஜினியர் என்று கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் பொறுமையாகத் திருத்துவார், நாங்களும் தலையாட்டிவிட்டு மறுபடி இன்ஜினியர் என்போம். அவர் லேப்டாப்பைத் துவைக்கும் கல்லின்மேல் வைத்துப் படத்தைக் காட்டினார். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. கீழே கார்கள் நிற்கத் தூண்களோடு ஒரு தளம், மேலே நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. வாசலில் கையில் பலூனோடு சில மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் சந்தில் பலூனோடு யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

ஒரு வீட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். மூன்று படுக்கையறை, மூன்று குளியலறை. மூன்றில் எது என்னுடையது என்று நான் மனதுக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஒரு கேள்வி கேட்டார். இதில் எங்கள் வீடு எது என்றார். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். இவை விற்பதற்கான வீடுகள் என்றும், எங்களுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள ஆறு மாசம் டைம் தருவதாகவும் சொன்னார்.

ஊர் நடுவில் ஜனங்கள் இருக்க வேண்டும் என்றாரே, அந்த ஜனங்களில் நானும் ஒருத்தி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு எனக்குப் பத்து நிமிஷ நடை. வீட்டுக்காரர் காசு போட்டு வளர்த்த ஊர் இது என்றால், வார்டில் நின்று வளர்த்ததில் எனக்கும் பங்குண்டு. என் கணவருக்கு ஹெப்பாள் தொழிற்சாலை வேலை, கம்பெனி பஸ் வந்து நிற்பது எங்கள் சந்து முனைச் சர்க்கிளில். எங்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு என்றால் ரிங் ரோட்டுக்கு அப்பால்தான். அங்கிருந்து எனக்கு இரண்டு பஸ், அதுவும் கிடைத்தால். குளியலறை கேட்டு ஜெபம் செய்தவளுக்குக் குளியலறையோடு ஊரைவிட்டு வெளியேயும் வழி காட்டியிருந்தார் ஆண்டவர். அன்று ராத்திரி அழுதேன். மறுநாள் காலை கோபம் வந்தது. எனக்குக் கோபம்தான் பழக்கம், அது வந்ததும் உடம்பு சரியாகிவிட்டது.

அடுத்த தடவை ஆர்க்கிடெக்ட் வந்தபோது அவர் காகிதத்தை எட்டிப் பார்த்தேன். இப்போது இங்கிருக்கும் குடும்பங்கள் ஆறு என்று எழுதியிருந்தது. ஆறு குடும்பம் இருந்த இடத்தில் எட்டு குடும்பம் வைக்கிறோம் என்று அவர் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த கரண்ட் மீட்டர்களை எண்ணியிருக்கிறார். நான்கு வீடுகள் இரண்டு இரண்டாக ஒரே மீட்டரில் ஓடுவது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வருவதோ பகல் பதினோரு மணி, கதவெல்லாம் பூட்டியிருக்கும் நேரம். காலை ஏழு மணிக்கு வந்து குக்கர் விசிலை எண்ணிப் பாருங்கள், எத்தனை அடுப்பு எரிகிறது என்று தெரியும் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் வருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த வார்த்தை வடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவருவதற்குள் கைகால் முளைத்துவிட்டது. விசில் கேட்கும் வீட்டுக்குத்தான் புதுக் கட்டடத்தில் இடம் என்றானது முதலில். சாயங்காலத்துக்குள் ஒரு விசிலுக்கு ஒரு வீடு என்றாகிவிட்டது. நான் டூட்டி முடிந்து வந்தபோது கோடி வீட்டில் மாமியார் வீட்டுக் குக்கரும் வந்து இறங்கியிருந்தது.

மறுநாள் ஆர்க்கிடெக்ட் சொன்னபடி ஏழு மணிக்கு வந்து, துவைக்கும் கல்லில் நோட்டோடு உட்கார்ந்தார். வீட்டுக்காரரும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். முதல் விசில் வந்தது. இரண்டாவது வந்தது. பிறகு நான்கு பக்கமிருந்தும் சேர்ந்தாற்போல் வர ஆரம்பித்தது. ஆர்க்கிடெக்ட் ஒரு கோடு போடுவதற்குள் மூன்று விசில் போய்விட்டது. பதினேழு வரை எண்ணியவர் பேனாவை மூடிவிட்டார். வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, தன் வீட்டில் இத்தனை பேரா குடியிருக்கிறார்கள் என்பதுபோல எல்லாக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் அக்கா வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது. அக்கா சோற்றை வடித்தே பழகியவர், குக்கர் சோறு காய்ச்சல்காரர்களுக்கு என்பார். தங்கையிடம் இரவல் வாங்கிவந்த குக்கரில் பருப்பை நிறையப் போட்டுத் தண்ணீரைக் கணக்கில்லாமல் குறைத்து வைத்துவிட்டார். வால்வு பிய்த்துக்கொண்டு போய்ப் பருப்பெல்லாம் ஓட்டுக் கூரையில் ஒட்டியிருந்தது. நல்லவேளை, அக்கா அப்போது வாசலில் நின்று விசில் எண்ணிக்கொண்டிருந்தார். ஓடிப்போன எல்லோருக்கும் சிரிப்பு. அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு விசிலே வரலியே சிஸ்டர், என்னைக் கணக்குல விட்டுருவாங்களா?" என்று கேட்டார். எங்கள் சிரிப்பும் நின்றுவிட்டது.

ஆர்க்கிடெக்ட் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வீடு வீடாக உள்ளே வந்து பார்க்கத் தொடங்கினார். வந்தவரை யாரும் சாப்பிடாமல் விடவில்லை. ஐந்தாவது வீட்டில் இட்லியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் வீடு ஒரே அறை. கட்டிலுக்கடியில் அரிசி, கட்டிலின்மேல் துணி, ஜன்னல் விளிம்பில் பைபிளும் சீப்பும். எட்டு வீட்டில் முப்பத்தொரு பேர் என்று எழுதிக்கொண்டார். தன்னுடைய எட்டு பெரிய வீடுகளில் அவ்வளவு பேர் வரமாட்டார்கள் என்று அவராகவே மெதுவாகச் சொன்னார். வீட்டுக்காரர் அதைக் கேட்டும் அசையவில்லை. நான்கு மாடிக்குமேல் கட்ட அனுமதி கிடைக்காது, இடம் இல்லையே என்ன செய்வது என்றார்.

எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாளி வேறு வரிசையில் நின்றது. அந்த அவசரத்தில்தான் எனக்கு அந்தக் கேள்வி வாயில் வந்தது. யோசித்துக் கேட்டேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான், ஆனால் அப்படியில்லை.

"ஸார், உங்க கார் எங்க நிக்குது?"

ஆர்க்கிடெக்ட் தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, சர்க்கிளில் விட்டுவிட்டு நடந்து வந்ததாகச் சொன்னார். சந்துக்குள் திருப்ப முடியாதே என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சரஸ்வதிபுரம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே மூடிக்கொண்டார். வராத காருக்குக் கீழே ஒரு தளம் முழுக்க இடம் இருக்கிறது, தினமும் நடந்து வருகிற எங்களுக்குத்தான் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். 

அதற்குப் பிறகு மூன்று வாரம் மாடியில் பேச்சு நடந்தது. கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வீடு விலைபோகாது என்று வீட்டுக்காரரும், காரே வராத சந்தில் அந்தத் தளம் இருந்தும் என்ன பிரயோஜனம் என்று ஆர்க்கிடெக்ட்டும். சின்ன வீடுகளுக்கு டூவீலர் இடம் காட்டினால் போதும், கார்ப்பரேஷன் ஆபீஸில் நானே பேசி அனுமதி வாங்குகிறேன் என்று கடைசியில் அவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். புதுப் படத்தில் மேலே எட்டு வீடு அப்படியே இருந்தது. கீழே தூண்களுக்கு நடுவே ஆறு சின்ன வீடுகள், வாடகைக்கு. எட்டு குடும்பத்தில் ஒன்று மகனோடு பெங்களூர் போவதாக இருந்தது, இன்னொன்று சொந்த இடத்தில் கட்டிக்கொண்டிருந்தது. மீதி ஆறு. எங்களுக்கே திரும்பத் தருவதாக எழுதித் தரச் சொன்னேன். வீட்டுக்காரருக்கு வருத்தம்தான், பதினெட்டு வருஷப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்றார். பழக்கம் படத்தில் வரவில்லையே ஸார் என்றேன். எழுதித் தந்தார்.

இப்போது நாங்கள் ரிங் ரோட்டுக்கு அப்பால் இருக்கிறோம், தற்காலிகமாக. அங்கே வீட்டோடு சேர்ந்த குளியலறை இருக்கிறது. ஆனால் இரண்டு பஸ் பிடிக்க வேண்டியிருப்பதால் முன்னைவிட வேகமாகக் குளிக்கிறேன்.

போன வாரம் டூட்டி முடிந்ததும் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். அக்காவும் ஆபீஸிலிருந்து வந்திருந்தார். மேல் தளம் போட்டாகிவிட்டது, கீழ் வீடுகளுக்கு முதல் வரிசைக் கல் மட்டும் வைத்திருந்தார்கள். மேஸ்திரி தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ராமாபுரத்துக்காரர். தமிழ்க் குரலைக் கேட்டதும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்து காட்டினார். முழங்கால் உயரத்துக்குக்கூட வராத கல் வரிசைக்குள் ஒரு மூலையைக் காட்டி, "இதுதானுங்க உங்க பாத்ரூமு. செவுரு நாளைக்கு ஏறிருமுங்க" என்றார்.

ஆறடிக்கு நாலடி. கல்லைத் தாண்டி உள்ளே போய் நின்றேன். சுவர் இல்லை, கதவு இல்லை, சிமெண்ட் வாசனை மட்டும் இருந்தது. கைப்பையைக் கீழே வைத்தேன். கையை முதுகுப்பக்கம் கொண்டுபோய் எட்டுகிறதா என்று பார்த்தேன், எட்டியது. என்னை அறியாமல் கண் நிறைந்துவிட்டது. மேஸ்திரி ஏதோ வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

பக்கத்துக் கல் வரிசைக்குள் தன் சமையலறையில் நின்றிருந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "ஆய்த்தா சிஸ்டர்?" என்றார்.

"இப்பதான்க்கா உள்ள வந்தேன். இன்னிக்கு லேட்டாகும், நீங்க போய் வேலையப் பாருங்க."