சேர்ந்த தேதி

பதினொரு வருடம் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தும் நான் சங்கத்தில் சேரவில்லை. ஆசிரியர், அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, ஆய்வுக்கூட உதவியாளர் என்று அரசாங்கப் பள்ளியில் வேலை செய்கிற யாரும் அதில் சேரலாம். வருடத் தொடக்கத்தில் விண்ணப்பப் பாரம் ஆசிரியர் அறைக்கு வரும். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவேன்.

ஒருமுறை எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர்மேல் யாரோ புகார் கொடுத்து, சங்கம் அவருக்காகப் பேசிக் காப்பாற்றியது. அந்த வாரம் நான் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "ஒழுங்கா வேலை செய்றவங்களுக்கு எதுக்குலா சங்கம்?" அந்த ஆசிரியர் மூலையில் நின்று மைலோ பானம் கலக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் வேறு பள்ளிக்கு மாறிப்போனார்.

எங்கள் பள்ளி மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தது. என் கணவருக்கு வேலை மலையடிவாரத்தில், தாப்பாவில். வார நாட்களில் நான் மேலே ஒரு வாடகை அறையில் தங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை மலையிறங்குவேன். விடுமுறை தொடங்கும் வெள்ளி என்றால் சுற்றுலாக் கார்கள் ஏறி வரும். நெரிசலில் ஊர்ந்து, வழியில் இருக்கும் ரிங்லெட்டைத் தாண்டுவதற்குள் இருட்டிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை, பரிசளிப்பு விழாவுக்காக ஏழு பெண் பிள்ளைகளுக்குக் கோலாட்டம் பழக்கிக்கொண்டிருந்தேன். மூன்றரைக்கு முடிய வேண்டியது. இரண்டே முக்காலுக்கே முடித்தேன். ஆறு பேருக்குப் பள்ளிக்குக் கீழேயே லயத்து வீடு. ஏழாவது பிள்ளைக்கு மட்டும் வீடு தோட்டத்தின் மேல் டிவிஷனில். மூன்றரைக்குத் தோட்டத்து வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். வழக்கமாக வேன் வரும்வரை நானும் அவளோடு நிற்பேன்.

அன்றைக்கு நான் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"டீச்சர், நான் நடந்தே போய்றவா?"

ஒன்பது வயது. தேயிலைக்கு நடுவே அரைமணி நேர நடை. தூறல் வேறு ஆரம்பித்திருந்தது.

"சரி, பாத்துப் போ," என்றேன்.

தாப்பாவில் காரை நிறுத்தியபோது தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். பிள்ளை வீடு வந்து சேரவில்லை என்றார். அடுத்த அழைப்பு வரும்வரை நான் காரைவிட்டு இறங்கவில்லை. கணவர் வந்து கண்ணாடியைத் தட்டியும் கதவைத் திறக்கவில்லை. பிள்ளை கிடைத்துவிட்டாள் என்றார்கள். தேயிலைக்கு மருந்தடிக்கும் ஆள் ஒருவர் வேலை முடிந்து திரும்பும்போது, தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் முனகல் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். சறுக்கி விழுந்து முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து, எழ முடியாமல் மூன்று மணி நேரம் மழையில் கிடந்திருக்கிறாள்.

மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போனேன். அவள் அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பா பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"நீங்க இருக்கீங்கன்னுதானே டீச்சர் நாங்க மனசு நிம்மதியா வேலைக்குப் போறோம்?"

நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். பள்ளி திறந்த இரண்டாம் வாரம், விளக்கம் கேட்டுக் கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. பதினான்கு நாளில் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். அதற்குப் பிறகு விசாரணை. தலைமையாசிரியை கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "இதுல பள்ளிக்கூடத்த இழுக்காதீங்க," என்று மட்டும் சொன்னார். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. வேலை போய்விடும், பேப்பரில் படம் வரும் என்று நாள் முழுக்க மனம் அதிலேயே சுற்றியது. கணவர், "பொறு, பாத்துக்கலாம்," என்று சொல்லும்போதெல்லாம் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் நான் சங்கத்தைத் தேடினேன். வட்டாரச் செயலாளர் யார் என்று விசாரித்தால், அன்று மைலோ கலக்கிக்கொண்டிருந்த அதே சார்.

திரிங்காப்பில் அவர் குடும்பத்துக்குப் பூத்தோட்டம் உண்டு. சாயங்காலம் போனபோது, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே நின்று செவ்வந்தியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பாரத்தை வீட்டிலேயே நிரப்பி, கையெழுத்தும் போட்டு எடுத்துப் போயிருந்தேன். தேதிக் கட்டம் மட்டும் காலி.

"கேள்விப்பட்டேன் டீச்சர். அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"கட்டு போட்டிருக்காங்க சார்." நான் பாரத்தை நீட்டினேன். "நான் சேரணும்."

அவர் வாங்கிப் பார்த்தார். "தாராளமா சேரலாம். ஆனா ஒண்ணு, சேர்றதுக்கு முன்னாடி நடந்ததுக்கு சங்கம் வக்கீல் வைக்காது. அது விதி."

எனக்கு அது முன்பே தெரியும். அதனால்தான் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

"சார், ரெண்டு மாசம் முந்தி போட்டதா தேதி போட்டுக்க முடியாதா? பாரம் உங்ககிட்டயே இருந்துச்சு, அனுப்ப மறந்துட்டீங்கன்னு..."

சொல்லும்போதே என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் கையில் இருந்த பூக்கட்டைக் கீழே வைத்தார்.

"அத நான் செய்ய மாட்டேன் டீச்சர்."

"எனக்கு வேற வழி இல்ல சார். கால்ல வேணா விழறேன்." நின்ற இடத்திலேயே அழுதேன். "நான் அன்னிக்கு உங்களப் பத்திச் சொன்னத மனசுல வச்சுக்கிட்டு..."

"அது வேற, இது வேற. அத நான் எப்பவோ விட்டுட்டேன்." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "சங்கம் வராது. நான் வரலாம்லா. இலாகாவுக்கு எழுதின பதில் இருக்கா?"

இன்னும் அனுப்பாமல் வைத்திருந்ததைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று பக்கம். சுத்தமான மலாய் மொழியில் எழுதியிருந்தேன். 'வாசலிலேயே வேனுக்குக் காத்திருக்கும்படி மாணவிக்குத் தெளிவாக அறிவுறுத்தினேன்; மாணவி என் அனுமதியின்றி வெளியேறிவிட்டாள்.' அந்த வரிக்கு வந்ததும் அவர் நிறுத்தினார்.

"அந்தப் பிள்ளை சொல்லாமயா போச்சு?"

கீழே சாலையில் ஒரு லோரி ஹார்ன் அடித்தது. நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டுட்டுத்தான் போனா," என்றேன். "நான்தான் சரின்னேன்."

அவர் தாள்களை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இத நான் படிக்கல. வீட்டுக்குப் போயி வேற எழுதுங்க. நடந்தத மட்டும் எழுதுங்க. அதுக்கப்புறம் நீங்க எங்க கூப்பிட்டாலும் கூட வர்றேன்."

"உண்மைய எழுதினா வேலை போயிரும் சார்."

"போகலாம். எனக்குத் தெரியாது டீச்சர். போகாதுன்னு சொல்லி உங்கள ஏமாத்த மாட்டேன்."

அந்தப் பதிலை எழுத எனக்கு ஐந்து நாள் ஆனது. ஒவ்வொரு முறையும் 'மழை', 'வேன் தாமதம்', 'மாணவியின் விருப்பம்' என்று எதன் பின்னாலாவது போய் ஒளிந்துகொள்வேன். படித்துப் பார்த்துக் கிழிப்பேன். கடைசியில் அரைப் பக்கம்தான் மிஞ்சியது. சங்கப் பாரத்திலும் முன்தேதி போடாமல், அன்றைய தேதியையே போட்டு அவரிடம் கொடுத்தேன்.

விசாரணை நாளன்று அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு இலாகா அலுவலகத்துக்கு வந்தார். சங்கத்தின் பேரில் உள்ளே வர அவருக்கு உரிமை இல்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மூன்று அதிகாரிகள். எதிர்ப்பக்கம் பிள்ளையின் அம்மா, கோயிலுக்குப் போகிற மாதிரி நல்ல சேலை கட்டிக்கொண்டு, முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி. அதிகாரி என் பதிலைப் படித்துவிட்டு, மாணவியைத் தனியாக நடந்து போக நீங்களே அனுமதித்தீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். ஏன் என்றார். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். அதற்குமேல் அவர்களுக்கு என்னிடம் கேட்க அதிகம் இருக்கவில்லை.

முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மா நடைபாதையில் என் வழியை மறித்துக்கொண்டு நின்றார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"எம்புள்ள மொத நாள்லேர்ந்து அதத்தான் சொல்லுச்சு. டீச்சர்தான் போகச் சொன்னாங்கன்னு. நீங்க இல்லன்னு சொல்லிருவீங்க, இவங்கல்லாம் அவள பொய்க்காரின்னு சொல்லிருவாங்கன்னு ராவெல்லாம் பயந்துகிட்டு கெடந்தேன்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வேலை போகவில்லை; போலீசும் வழக்குப் போடவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, ரிங்லெட்டுக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். நான் போன பிறகு கோலாட்டத்தை யார் பழக்கினார்கள் என்று தெரியாது. பிள்ளையின் கை கூடிவிட்டது, ஆனால் முழுதாக நீட்ட வராது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட அன்று வகுப்பில் ஐந்து நிமிடம் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன். பிள்ளைகள் ஏதோ எழுதச் சொல்லப்போகிறேன் என்று நினைத்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள்.