நேராக்கக் கூடாத ஹேண்டில்பார்

எங்கள் வீட்டுச் சமையலறையில், கரண்டிகளும் மத்தும் கிடக்கிற இழுப்பறையில், ஒரு பதினான்காம் நம்பர் ஸ்பேனரும் கிடக்கிறது. விருந்தாளிகள் யாராவது ஸ்பூன் எடுக்கப் போய் அதை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். கேஸ் சிலிண்டருக்கா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்துபோகும். போன மாதம் என் கணவரின் அண்ணன் காலமானார். இனி சொன்னால் யாருக்கும் எதுவும் குறைந்துபோகாது என்று நினைக்கிறேன்.

அவரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் இருந்தது. மாமனார் போன பிறகு அதை நடத்தியவர் பெரியத்தான். என் வீட்டுக்காரர் அதே கூடத்தில் தறிகளைப் பழுது பார்ப்பார். கெட்ட மனிதர் என்று பெரியத்தானைச் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருவார். ஒரே ஒரு வசதி மட்டும் அவருக்கு அந்த வீட்டில் இருந்தது. அவர் செய்த தப்பு எதுவும் நடந்ததாகக் கணக்கில் வராது. தளவாய்புரத்தில் ஒரு கல்யாணத்துக்கு நேரத்தைத் தப்பாகப் படித்து எங்கள் எல்லோரையும் அழைத்துப் போனார். போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்புவதற்குள், பெண் வீட்டார் முறையில்லாமல் முன்கூட்டியே முடித்துவிட்டார்கள் என்று காருக்குள்ளேயே தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர் என் மாமியார். தலையாட்டியது மற்ற எல்லோரும். நான் அப்போது புதுப்பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிற விஷயம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

நான் உண்டாகியிருந்த வருஷம் அது. நாங்கள் பைக் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. தினமும் பைக்கில்தான் என் வீட்டுக்காரர் என்னைக் கொண்டுபோய் விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் சர்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பெரியத்தான் சாவியைக் கேட்டார். கேட்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கையை நீட்டினார், அவ்வளவுதான். வாசலில் கட்டட வேலைக்காக மணல் கொட்டியிருந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவர் வண்டியை வேகமாகத் திருப்ப, முன்சக்கரம் மணலில் வழுக்கி, வண்டி சாய்ந்து, ஹேண்டில்பார் கேட் தூணில் போய் இடித்தது. முழுசாக விழவில்லை. காலை ஊன்றிப் பிடித்துவிட்டார். நிமிர்த்தியபோது சக்கரம் நேராக நின்றது, ஹேண்டில்பார் மட்டும் இடது பக்கம் திரும்பியிருந்தது. பெரியத்தான் பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரத்தில் வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. ஒருவர் பைபிள் உறையின் ஜிப்பை மூடினார். ஒருவர் மழை வருமா என்று மலைப் பக்கம் பார்த்தார். என் வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். "சீக்கிரம் வாங்க, கறி ஆறிரும்" என்று சொல்லிவிட்டு அதே கோணல் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பெரியத்தான் போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். தறியில் ஒரு நூல் விலகினாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற மனிதர். "முன்சக்கரத்தப் பிடிச்சிருக்க ஃபோர்க் லேசா முறுக்கியிருக்கு, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். நாலு போல்ட்டைத் தளர்த்தி, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை ஒரு தள்ளு தள்ளினால் நேராகிவிடுமாம். போல்ட்டுகளைக்கூடத் தொட்டுக் காட்டினார். அப்புறம் எழுந்து கையைத் துடைத்தார்.

"பண்ணுங்களேன்" என்றேன்.

"அண்ணன் பாத்தாவன்னா? அவிய சாய்ச்சதக் குத்திக்காட்டுற மாதிரி ஆயிரும்லா."

"அவிய இல்லாத நேரத்துல பண்ணுங்க."

"பொறவு வந்து நேரா நிக்கிறதப் பாத்து, எப்பச் சரி பண்ணுனேன்னு கேட்டாவன்னா என்ன சொல்ல?"

வண்டி கோணலாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நேராக்கினால்தான் விளக்கம் சொல்ல வேண்டும். நான் விடாமல் முறைத்ததும் அவர் சிரித்து, "பழகிரும்" என்றார். பழகவும் செய்தார். வலது கையை நீட்டி, இடது கையை மடக்கி, ஒரு தோளை முன்னால் தள்ளி, கூட்டத்தில் இடித்துக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டக் கற்றுக்கொண்டார். யாராவது இரவல் கேட்டால் சாவியோடு சேர்த்துப் பாடமும் நடத்துவார், "லேசா இந்தப் பக்கம் பிடிச்சுக்கோங்க, நேராப் போவும்." வாங்கிப் போனவர்களும் ஏன் என்று கேட்டதில்லை. பாதிப் பேர் அன்றைக்குச் சர்ச் வாசலில் நின்றவர்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மாதம் ஏற ஏற வயிறும் பெரிதானது. பஸ் எதிரே வரும்போதெல்லாம் அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் பெரியத்தான் முற்றத்தில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வண்டியை விட்டு இறங்குவதைப் பார்த்தவர், "ஏலே, என்ன வண்டி வச்சிருக்க? ஹேண்டில் கோணிக்கிட்டு நிக்குது. ஒரு சாமானை ஒழுங்கா வச்சுக்கத் தெரியுதா ஒனக்கு?" என்றார். நடிப்பு இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும், உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார். மறப்பதற்கு அவருக்கு அத்தனை பேர் உதவி செய்திருந்தார்கள். "பாக்கேண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணனைவிடத் தம்பி மேல்தான் அருவருப்பு அதிகமாக வந்தது.

அதற்கு அப்புறம் சில நாளிலேயே அது நடந்தது. வேலைக்குப் போகிற வழியில், மடவார்வளாகம் தாண்டி ஒரு பஸ் எங்களை ஒட்டி முந்தியது. இவர் ஒதுங்கப் பார்த்தார். பழக்கப்பட்ட கோணல் அவசரத்துக்கு உதவவில்லை. வண்டி தாரை விட்டு இறங்கிச் சரளையில் அலைந்து, சாயப் போய், இரண்டு பேரும் காலை ஊன்றி எப்படியோ நின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். குழந்தை அசைந்த பிறகுதான் கையை எடுத்தேன். அவர் என்னிடம், "வீட்டுல சொல்லாத, அண்ணன் வருத்தப்படுவாவ" என்றார்.

அன்று சாயங்காலம் நான் தறிக்கூடத்துக்குள் போய் ஸ்பேனரை எடுத்து வந்தேன். முற்றத்தில் பெரியத்தான், அவர் மனைவி, மாமியார், என் வீட்டுக்காரர் எல்லோரும் இருந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் வீட்டுக்காரர் அன்றைக்குத் தொட்டுக் காட்டிய நாலு போல்ட்டையும் தளர்த்தினேன். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தேன். "ஏட்டி, வயித்துப் பிள்ளைக்காரி என்ன செய்யுத?" என்று மாமியார் பதறினார். நான் பெரியத்தானைப் பார்த்து, "நீங்க சர்ச் வாசல்ல சாய்ச்ச அன்னைக்கே இதச் செஞ்சிருக்கணும்" என்றேன்.

பெரியத்தான் கோபப்படவில்லை. திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தார். "ஏலே, நானா சாய்ச்சேன்?"

சக்கரம் என் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அந்த ஸ்பேனரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "இல்லண்ணே" என்றார்.

நான் ஹேண்டிலை ஒரு தள்ளு தள்ளினேன். நேரானது. போல்ட்டுகளை முறுக்கினேன். அவர் சொன்னது சரிதான், ரெண்டு நிமிஷ வேலைதான். கையைக் கழுவப் போனவள் ஸ்பேனரைச் சமையலறையிலேயே வைத்துக்கொண்டேன். அதைக் கேட்டு யாரும் வரவில்லை. கேட்டால் எதற்கு எடுத்தேன் என்ற பேச்சு வருமே. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். தெருமுனை வரைக்கும்கூட நேராக ஓட்ட முடியவில்லை, வண்டி இடப்பக்கமாகவே போனது. திரும்பி வந்து, "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இப்பத்தான் கோணலா இருக்கு" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அன்றிலிருந்து அவர் பின்னால் நான் உட்கார்ந்ததில்லை. மகன் பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போய்விட்டான். வண்டிகள் மூன்று மாறிவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் இன்றும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். எனக்கு வண்டி என்றால் பயம் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். என் மகனே அப்படித்தான் நம்புகிறான். இவரோடு குடும்பம் நடத்தினேன், நோயில் பார்த்துக்கொண்டேன், சிரித்தும் பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்த "இல்லண்ணே" சாப்பாட்டில் அகப்பட்ட முடி மாதிரி தொண்டையிலேயே நிற்கிறது.

பெரியத்தானை அடக்கம் செய்து சில நாள் கழித்து, இருமல் மருந்து குடிக்க ஸ்பூன் தேடி என் வீட்டுக்காரர் இழுப்பறையைத் திறந்தார். கையில் ஸ்பேனர் வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னறையில் பெரியத்தானின் படம் இருந்தது, அதற்குக் கீழே அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். இவர் மெதுவாகச் சமையலறைக் கதவைச் சாத்தினார். என் பக்கத்தில் வந்து, காதோடு காதாக, "அன்னைக்கு அண்ணன்தான் சாய்ச்சாவ" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க."

"சும்மா இரு. மதினி காதுல விழுந்துரும்."

நான் ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினேன். அவர் கண் கலங்கியிருந்தது. பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்தவர் போல அவருக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு ஒன்னைய ஸ்ரீவில்லிபுத்தூர்ல நானே கொண்டு போய் விடுதேன். வண்டி நேராத்தான் இருக்கு" என்றார்.

"பஸ் இருக்கு" என்றேன்.