சிவப்பாக எரிந்த எண்கள்

1976 ஜூனில் ஜீவமணிக்கு வேலை கிடைத்தபோது நாசரேத்தில் அவள் தெருவே அதைப் பேசியது. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த பெண்ணே அபூர்வம். அதிலும் தூத்துக்குடியில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆசிரியை வேலை.

அந்த நிலையத்தின் பெருமையெல்லாம் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தது. ஆலை இயந்திரங்களை எண்களைக் கொண்டு இயக்கப் பழக்கும் பெட்டி அது; வெளிநாட்டு நன்கொடையாகக் கப்பலில் வந்தது. பீரோ உயரம், முகப்பில் நான்கு சிவப்பு எண்கள். விருந்தினர் வரும் நாளில் மட்டும் அவை எரியும். மற்ற நாட்களில் பச்சை வெல்வெட் துணி போர்த்திக் கிடக்கும். சாவி முதல்வர் தேவபிரசாதத்தின் மேசையில்.

மாணவர்கள் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, அதன் சர்க்கியூட்டைப் புத்தகத்தைப் பார்த்து வண்ணப் பென்சிலால் வரைவார்கள். படம் அழகாக இருந்தால் நல்ல மார்க். வருடக் கடைசியில், நாற்பது மணி நேரச் செய்முறைப் பயிற்சி முடிந்தது என்று சான்றிதழில் ஜீவமணி கையெழுத்திட வேண்டும். தயங்கினாள். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றார்கள் மற்ற ஆசிரியர்கள். போட்டாள்.

மறுவருடம் ஊருக்கு வெளியே ஒரு ரசாயன ஆலையில் ஆள் எடுத்தார்கள். பதினோரு மாணவர்களை அவளே அழைத்துப்போனாள். என்ஜினியர் ஒரு கன்ட்ரோல் பேனலில் ஒயர் ஒன்றைக் கழற்றிவிட்டு, "எங்கன கோளாறுன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்றார். முதலில் போன இசக்கியப்பன் மீட்டரைக் கையில் வாங்கினான். அதன் முனைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். மற்றப் பத்துப் பேரும் அப்படியே.

என்ஜினியர் சான்றிதழைப் புரட்டினார். "நாப்பது மணி நேரமா? யாரு கையெழுத்து இது?"

"என்னோடதுதான் சார்."

அவர் பதினோரு சான்றிதழ்களையும் அடுக்கி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை யாரையும் கேட்காமல் சாவியை எடுத்து, பெட்டியின் பின்மூடியைத் திறந்தாள். கரப்பான் எச்ச நாற்றம் முகத்தில் அடித்தது. உப்புக்காற்றில் சர்க்கியூட் முழுக்கப் பச்சையாகக் களிம்பேறி உதிர்ந்திருந்தது. எண்களுக்குப் பின்னால் ஒரு டார்ச் பல்பு, பேட்டரி, பிளேடால் எண் வெட்டிய அட்டை, சிவப்புத் தாள். விருந்தினர்கள் கைதட்டியது இதற்குத்தான்.

தேவபிரசாதம் வந்து நின்றார். "மொத மழைக்கே போயிட்டும்மா. வெளிய தெரிஞ்சா நாளைக்கு நமக்கு எவன் நன்கொடை குடுப்பான்? இந்த பல்பு நம்ம எலக்ட்ரீசியன் சிலுவையோட யோசனைதான்" என்று சிரித்தார்.

"பிள்ளையள ஏமாத்தியிருக்கோம் சார்."

"சர்டிபிகேட் குடுத்திருக்கோம்லா, பொறவென்ன?"

அடுத்த வாரம் வந்த ஆய்வு அதிகாரியிடம் அவளே மூடியைத் திறந்து காட்டினாள். அவர் விரல் நுனியால் தள்ளி மூடிவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். குடிக்க இன்னொரு பாட்டில் கலர் சோடா கொண்டுவரச் சொன்னார். 'இயந்திரம் நன்கு பராமரிக்கப்படுகிறது' என்று எழுதிவிட்டுப் போனார்.

ஜீவமணி ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டாள். தன் கையெழுத்துப் பொய் என்று ஊரிலுள்ள ஆலைகளுக்கெல்லாம் கடிதம் எழுதப்போவதாக மாணவர்களிடம் சொன்னாள். இசக்கியப்பன் கொதித்துப்போனான்.

"பொய்யோ மெய்யோ, எங்க கையில இருக்கது அது ஒண்ணுதான் டீச்சர். அதயும் பறிச்சிட்டுப் போவப்போறியளா?"

ஏமாற்றப்பட்டவனே அந்தப் பொய்யை விடமாட்டேன் என்கிறான். எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்குக் குமட்டியது. ஆனால் கடிதம் எழுதவில்லை.

மானத்தை விட்டு அந்த என்ஜினியரிடமே போனாள். ஆலை கழித்துப்போட்ட பேனல் இரண்டும் பழைய மீட்டர்கள் சிலவும் கேட்டாள். அவர் கொடுத்தார். தெரிந்தவர் ஒருவரின் காலி உப்புக் கிடங்கில் சனி, ஞாயிறுகளில் மாணவர்களைக் கூப்பிட்டாள். ஏழு பேர்தான் வந்தார்கள். முதல் நாளே இசக்கியப்பன் தப்பாக இணைத்தான்; ஃபியூஸ் போனதும் பயந்து பின்வாங்கினான்.

"போனாப் போவுது, மாத்து. திரும்பச் செய்யி" என்றாள்.

ஆறு மாதத்தில் நான்கு பேருக்கு வேலை கிடைத்தது. இசக்கியப்பன் ஒரு நூற்பாலைக்குப் போனான். ஜீவமணியை அந்த ரசாயன ஆலையே மீட்டர் பழுதுபார்க்கும் பிரிவில் எடுத்துக்கொண்டது.

1979இல் பயிற்சி நிலையத்துக்கு இன்னும் பெரிய பெட்டி வந்தது. திறப்பு விழாவுக்கு அவளுக்கும் அழைப்பிதழ் வந்தது. பிரிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.