வெளிப்பூட்டு போட்ட கோடை

காலை பதினோரு மணிக்கெல்லாம் தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை "டப், டப்" என்று வெடிக்கத் தொடங்கும். வெயிலில் அது விரிகிற சத்தம் என்பது பின்னாளில்தான் தெரிந்தது, அப்போது யாரோ கல்லெறிகிறார்கள் என்று பயந்து என் தங்கை மல்லி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். எனக்குப் பதினோரு வயது, அவளுக்கு ஆறு. திருத்தணியில் மலைக்குப் பின்புறத் தெருவொன்றில், ஒரே அறையும் ஒரே ஜன்னலுமான வாடகை வீட்டில், அந்தக் கோடை விடுமுறையில் எங்களை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். இதை எழுதும்போதும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அரக்கோணத்தில் ஒரு மரவாடியில் வேலை. காலை ரயிலுக்குப் போய்விடுவார். அம்மா மலையடிவாரத்துப் பூக்கடையில் மாலை கட்டினாள். முந்தைய லீவில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கல்குவாரிக் குட்டையில் மூழ்கி இறந்திருந்தான். அதிலிருந்து நைனா எங்களை வாசல் தாண்ட விடவில்லை. "கைக்கு வேல குடுத்துட்டா புள்ளைங்களுக்கு வெளிய போற நெனப்பே வராது" என்பார். எனக்குக் கொடுத்த வேலை, இருபது வரை வாய்ப்பாட்டை ஒரு நாளைக்கு ஐந்து முறை எழுதுவது. மல்லிக்கு அ, ஆ. வியர்வையில் பென்சில் வழுக்கும், தாள் ஊறும். எழுத்து கலைந்திருந்தால் சாயங்காலம் அதற்கும் முட்டி போட வேண்டும். தெருவே நைனாவை மெச்சியது. "அந்த வூட்ல புள்ளைங்க இருக்குதான்னே தெரியல, இன்னா வளர்ப்பு" என்றார்கள். மெச்சியவர்களில் ஒருவர்கூட ஜன்னல் பக்கம் வந்து உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

கத்திரி வெயிலில் ஒருநாள் கரண்டு போயிற்று. மல்லி தண்ணீர் மொள்ளப் போய்க் குடத்தைச் சாய்த்துவிட்டாள். வீட்டிலிருந்த தண்ணீரே அவ்வளவுதான். நான் அவளை முதுகில் அறைந்தேன். அந்த அறைக்காக என்மீது எனக்குள்ள கோபமும் இன்னும் ஆறவில்லை. மதியத்துக்கு மேல் அவள் வாந்தியெடுத்தாள். உடம்பு கொதித்தது, முகம் சிவந்து வியர்வையே இல்லாமல் காய்ந்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். எதிரே ஸ்கூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்த ரஃபிக் பாய் ஓடிவந்தார்.

"இன்னாமா?"

"பாய், மல்லி எழுந்துக்க மாட்டேங்குது. கதவு பூட்டிக்கிது."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கடையிலிருந்து இரும்பறுக்கிற ரம்பத்தை எடுத்து வந்து பூட்டை அறுத்தார், மல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன்.

சாயங்காலம் நைனா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். கையில் அறுந்த பூட்டு. கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்க்கும் முன்பே, "பூட்ட எவன் அறுத்தது?" என்றார்.

"நான்தாங்க" என்றார் பாய். "புள்ள மயங்கிக் கெடந்துச்சி."

"எனக்கு ஆளனுப்பக் கூடாதா? என் வூட்டுப் பூட்டு மேல கை வெக்க நீ யாருய்யா?"

தகவல் தெரிந்து பூக்கடையிலிருந்து முன்பே வந்து, அதுவரை மல்லியின் காலைத் தடவிக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றாள். நைனா எதிரில் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"இனிமே பூட்டணும்னா நீ உள்ள குந்திகினு பூட்டிக்க. புள்ளைங்க என்கூட வரும்."

அவரை அவள் "நீ" என்றதும் அன்றுதான். நைனா பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மிச்ச லீவு முழுக்கப் பூக்கடைப் பலகைக்கு அடியில், ஈரச் சாக்கின்மேல் கிடந்தோம்; கடைக்காரர் முணுமுணுத்தார், அம்மா காதில் வாங்கவில்லை.

இன்று அந்த வீடு இல்லை. இடித்துவிட்டு மலைக்கு வருகிறவர்கள் தங்க லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். பாயின் கடையும் இல்லை. அவர் குடும்பம் எங்கே போயிற்று என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை, அவருக்கு நாங்கள் யாரும் ஒழுங்காக நன்றி சொன்னதுகூட இல்லை. அம்மா தவறி நான்கு வருஷமாகிறது. மல்லிக்கு இரண்டு பிள்ளைகள். இன்றும் அறைக் கதவைத் தாழிட்டுத் தூங்கமாட்டாள்.

நைனா இப்போது என்னோடு இருக்கிறார். போன மே மாதம், ஒரு நிமிஷம் உட்காராமல் வீட்டைச் சுற்றிய என் மகனைப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் லீவுல எவ்ளோ அடக்கமா இருந்தீங்க" என்றார்.

"அடக்கமா இல்ல நைனா. பயந்துகினு இருந்தோம். மல்லி செத்துப் பொழச்சா."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லதுக்குத்தான பண்ணேன்" என்றார். இத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அதுவல்ல.

மகன் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். "டேய், வெயிலு, உள்ள வா" என்று நைனா கூப்பிட்டார்.

"போவட்டும்" என்றேன், அவரைவிடச் சத்தமாக.