வலது ஆல்ட், சுண்டுவிரல்

ஆடி பிறந்தால் நான் அடுத்த வருஷத்துக்குள் போய்விடுவேன். திருத்தங்கலில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. வரப்போகிற தை மாதத்தில் எந்த நாளுக்கு எந்த நட்சத்திரம் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இன்றைக்கு என்ன கிழமை என்றால் யோசிக்க வேண்டும். கீழே மெஷின் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்க, மாடியில் மை வாசனையும் மதிய வெயிலும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்கும். திரையில் நாட்கள் ஒவ்வொன்றாகப் புரளும். யாரும் இன்னும் வாழாத நாட்களுக்குள் நான் மட்டும் முதலில் போய்த் திரும்புவதாகத் தோன்றும். சுகமாகத்தான் இருக்கும்.

எல்லாத் தாளிலும் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் என்று அதே கட்டங்கள்தான். கையால் அடித்துக்கொண்டிருந்தால் சித்திரையே வந்துவிடும். அதனால் நானே கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளாக ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஷார்ட்கட் வைத்திருக்கிறேன். ஒன்றை அமுக்கினால் தாள் புரளும். ஸ்கிரிப்ட் தன் கணக்கில் கிழமையையும் ஒன்று தள்ளிக்கொள்ளும். இன்னொன்றை அமுக்கினால் அந்தக் கிழமைக்கான ராகு காலம் கட்டத்தில் வந்து உட்காரும். எழுத்து அடிக்கும்போது தவறுதலாகப் பட்டுவிடக்கூடாது என்று எல்லாவற்றையும் மூன்று சாவிகளாக வைத்திருந்தேன். கன்ட்ரோல், ஷிப்ட், கூட வலது கோடியில் ஒரு எழுத்து. இரண்டு கையும் வேண்டும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போதுகூட என் விரல்கள் அதையே அமுக்கிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர், "என்னையும் கம்ப்யூட்டர்ல சேமிச்சு வச்சிராத" என்று கேலி செய்வார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

அவருடைய தங்கைக்கு என் வயதுதான். சாத்தூர்ப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன் நடந்த விபத்தில் வலது கையில் நடுவிலிருந்த மூன்று விரல்களும் போய்விட்டன. அதற்கப்புறம் அந்தக் கையைச் சேலை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொள்வாள். வீட்டில் யாரும் அவளை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. நானும்தான். தட்டைக்கூட வாங்கிக் கழுவிவிடுவேன். அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்குள்ளயே இருந்து இருந்து நானும் ஒரு பீரோ மாதிரி ஆயிருவேன் மதினி. உங்க பிரஸ்ல கேட்டுப் பாருங்க," என்றாள் ஒரு நாள். அழாமல் சொன்னதால்தான் எனக்குச் சுருக்கென்றது.

சீசன் நேரம், ஆள் தேவைதான். முதலாளி அண்ணாச்சி, "ஒரு நாளு வேலை செஞ்சு காட்டட்டும். சரியா வந்தா சீசன் முழுக்க வச்சிக்கிறேன். தப்பு வந்தா என்னையக் கோவிச்சுக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டார்.

நான் நாலு நாள் உட்கார்ந்து எல்லா ஷார்ட்கட்டையும் மாற்றினேன். இடது கை எட்டுகிற சாவிகள் மட்டும். முதலில் கேப்ஸ் லாக்கைத் தட்டிவிட்டு, அடுத்து ஒரு எழுத்து. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் முடித்துக் கையில் கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று இருந்தேன்.

அந்த நாள் வந்தது. அவள் இடது கையால் நிதானமாகத்தான் அடித்தாள். என் ஸ்கிரிப்ட்டுக்கு அந்த நிதானம் ஒத்துவரவில்லை. கேப்ஸ் லாக்குக்கும் எழுத்துக்கும் நடுவே கொஞ்சம் தாமதமானபோதெல்லாம், கிழமையை மட்டும் எண்ணிக்கொண்டு தாளைப் புரட்டாமல் விட்டுவிட்டது. மத்தியானம் அண்ணாச்சி ஒரு தாளைப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"செவ்வாக்கெழமைக்குப் பன்னெண்டு மணிக்கா ராகு காலம்? அது புதங்கெழமைக்குல்லா! செவ்வாக்கு மூணு மணில்லா! இதப் பாத்து ஒருத்தன் மூணரை மணிக்குத் தாலி கட்டுனா, ஆயுசுக்கும் நம்மளத்தான வைவான்?" என்றார். அதட்டவில்லை. "சாயந்தரம் வரைக்கும் பாருங்க தாயி," என்று இறங்கிப் போய்விட்டார். அவர் வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

தப்பு முழுக்க என்னுடையது. எங்கே பிசகியது என்று பார்க்க, அவசரமாக ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். திரையின் உச்சியில் நான் அந்தக் கோப்புக்கு வைத்திருந்த பெயர் தெரிந்தது. 'ஒத்தக்கை'. மூடுவதற்குள் அவள் படித்துவிட்டாள்.

அவள் முந்தானையை விலக்கி, வலது கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு ரெண்டு கை இருக்கு மதினி. இதுல ரெண்டு வெரலு, அம்புட்டுதான். இதால என்ன முடியும்னு நீங்க கேக்கவே இல்லையே."

மூன்று வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டும் நான் அந்தக் கையை அன்றுதான் நேராகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. "அழுதா ஆச்சா? எழுதுங்க," என்றாள்.

கையைக் கீபோர்டின் மேல் அப்படியே விரித்தாள். கட்டைவிரல் வலது ஆல்ட் சாவியில் இருக்க, சுண்டுவிரல் மேல்வரிசையில் எஃப்-ஒன்பதிலிருந்து எஃப்-பன்னிரண்டுவரை போய் வந்தது. நடுவில் எதுவும் தட்டவில்லை. "இங்கன ராகு காலம். இதுல எமகண்டம். இது நல்ல நேரம். கடைசிச் சாவி தாளு புரட்டுறதுக்கு," என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு சாவியும் ஒரே அமுக்கில் சேர்ந்து விழுந்ததால் தாமதம் என்ற பேச்சே இல்லை. அவள் கேட்காமலே கோப்பின் பெயரையும் மாற்றினேன்.

அப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று நாட்கள் அவள் கைக்கடியில் சத்தமில்லாமல் புரண்டன. பங்குனி வந்தது, போனது. எந்த நாளிலும் பிசகில்லை. கூடவே உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து இருபது தாள்களைச் சரிபார்த்தார். "நாளையிலருந்து வந்துரு தாயி," என்றார். பிறகு ஆசை தாங்காமல், "எப்பிடி அமுக்குத? எங்க, நானும் பாக்கேன்," என்று குனிந்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அவளைப் போலவே விரித்து வைத்தார். நடுவிலிருந்த மூன்று விரல்களும் எழுத்துச் சாவிகளில் விழுந்தன. ஒரு புதன்கிழமை முழுக்க மமமம என்று ஓடியது.

"எனக்கு வரலையே," என்றார்.

"உங்களுக்கு வெரலு கூடிப்போச்சு, அண்ணாச்சி," என்றாள்.