ரோமாபுரியில் வாங்க சொல்லாதவன்

என் மாமனாரை நான் கத்தியால் குத்தியதை எங்கள் ஊரான கணபதியில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அப்போது அவர் எனக்கு மாமனார் ஆகியிருக்கவில்லை. ஆவாரா மாட்டாரா என்பதே பெரிய கேள்வியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தி தகரத்தில் செய்தது. நானேதான் வெட்டி, அரம் போட்டு முனையை மழுக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போலீசைக் கூப்பிட்டுவிடுவீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருக்களுக்குக் கேபிள் வந்தது. கேபிள்கார அண்ணன் தன் வீட்டு மொட்டைமாடியில் பெரிய டிஷ் ஒன்றை வைத்து ஊருக்கெல்லாம் வயர் இழுத்தார். அதில் ஓர் இங்கிலீஷ் சேனலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோமாபுரி வரலாறு ஓடும். பாதி பாடம், பாதி நாடகம். தாடிக்காரப் பேராசிரியர் ஒருவர் இடிந்த தூணுக்குப் பக்கத்தில் நின்று பேசுவார். அவர் முடித்ததும் வெள்ளைத் துணி சுற்றிய ஆட்கள் வந்து ஒருத்தரை ஒருத்தர் முறைப்பார்கள், யாராவது சாவார்கள், மறுபடியும் தாடிக்காரர் வந்துவிடுவார். எங்களுக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் பங்காளிச் சண்டை புரிவதற்கு இங்கிலீஷ் எதற்கு? "இவன் அவனுக்குப் பங்காளி. மூஞ்சியத் திருப்பிக்கிறான் பாரு, இன்னைக்கு ஒரு தலை உருளும்" என்று என் அம்மா சொன்னால் அடுத்த நிமிஷம் உருளும்.

கேபிள்கார அண்ணன் சொந்தமாக ஒரு சேனலும் வைத்திருந்தார். கோயில் தேர், கல்யாண கேசட், பழைய படம், இவ்வளவுதான் அதில். ரோமாபுரி பார்த்துப் பார்த்து அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

"நாமளே ஒண்ணு எடுத்துப்போடலாமுங்க. நம்ம பூமியிலயே ரோமாபுரிக் காசு கெடைச்சிருக்குது. மொளகும் ரத்தினக் கல்லும் வாங்க வந்த ஏவாரிங்க அவங்க. நம்மகூட ஏவாரம் பண்ணுன ஆளுங்க கதையை வெள்ளைக்காரன் சொல்லி நாம கேக்கறதா?"

காசு கிடைத்தது நிஜம். பள்ளிக்கூடத்து வரலாற்று வாத்தியாரே தாடிக்காரர் இடத்தில் நின்று பேச ஒப்புக்கொண்டுவிட்டார்.

நான் தகரப் பட்டறை வைத்திருந்தேன். பம்புக்கு மூடி, கிரைண்டருக்கு உறை, இந்த மாதிரி வேலை. ஆகவே கவசம், கத்தி, தலைக்கவசம் எல்லாம் என் தலையில் விழுந்தன. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அண்ணன் எடுத்துக்கொண்ட கதை, பெரிய தலைவர் ஒருவர் சபைக்கு வரும்போது கூட இருந்தவர்களே சூழ்ந்துகொண்டு குத்திக் கொல்வது. கடைசியாகக் குத்துகிறவன் அவருக்கு ரொம்ப நெருக்கமானவன். அந்த வேஷம் எனக்கு.

"வேற ஆளு பாருங்கண்ணா."

"நீங்கதான் ஒல்லியா, பாவமா இருக்கறீங்க. துரோகின்னா பாவமா இருக்கோணுமுங்க."

தலைவர் வேஷத்துக்கு ஆள் தேடவே இல்லை. எங்கள் தெருமுனை இரும்புக்கடைக்காரரின் வழுக்கைத் தலையையும் வளைந்த மூக்கையும் பார்த்தால் டிவியிலிருந்து இறங்கி வந்து ஆணி நிறுத்துக் கொடுக்கிறார் என்றுதான் தோன்றும். கேட்டவுடன் சரி என்றார். சிக்கல் எனக்குத்தான். ஏனென்றால் ஆனி மாசத்தில் நாங்கள் பெண் பார்க்கப் போயிருந்தது அவர் வீட்டுக்குத்தான்.

ஜாதகம் பொருந்தியிருந்தது. "ஆடி கழியட்டுங்க, சொல்றோம்" என்று அனுப்பி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு நிஜமாகவே ஆடி கழியட்டும் என்றும் அர்த்தம் உண்டு, நைசாகக் கழற்றி விடுகிறார்கள் என்றும் அர்த்தம் உண்டு. எனக்கோ அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. போட்ட கோடு ஒரு பக்கம், வெட்டுகிற கத்திரி ஒரு பக்கம் என்று பட்டறையில் தகரம் பாழாகிக்கொண்டிருந்தது. இந்த நிலைமையில் அவளைப் பெற்றவரைக் குத்து என்கிறார் இந்த அண்ணன். நல்லா இருக்குதல்ல நியாயம்?

ஆடியில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். உருண்டைத் தூண் இருந்த ஒரு மண்டபம் ரோமாபுரிச் சபையானது. ஆளுக்கு ரெண்டு வேட்டி, ஒன்று இடுப்புக்கு, ஒன்று தோளுக்கு. தலைவருக்கு இலைக் கிரீடம் வேண்டும். வேப்பிலை வைத்தால் ஆடி மாசத்தில் சாமி வந்தவர் மாதிரி ஆகிவிடும் என்று கொய்யா இலையில் கட்டினோம். ரத்தத்துக்கு ஒரு குடம் ஆரத்தித் தண்ணீர். சபைக்குள் யாரும் தலைக்கவசம் போடமாட்டார்கள் என்று வாத்தியார் முனகினார். பாடுபட்டுச் செய்ததை மூலையில் போடவா? காதை மூடுகிற மாதிரி ஆளுக்கொன்று மாட்டிவிட்டேன்.

கல்யாண வீடியோ எடுப்பவர் கேமராவைத் தோளில் வைத்தார். தலைவர் கம்பீரமாக உள்ளே வந்தார். உடனே கொலைகாரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டோம்.

"வாங்க, வாங்க."

"வாரேனுங்க, வாரேனுங்க. உக்காருங்க. எல்லாருஞ் சாப்புட்டாச்சுங்களா?"

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கொல்லப் போறவரைப் பாத்து வாங்கன்னு சொல்லுவாங்களாங்க?"

வேறென்ன சொல்வது? எங்கள் ஊரில் உள்ளே வருகிறவரை வாங்க என்று சொல்லாமல் விட்டால் தீர்ந்தது. கல்யாண வாசலில் ஒருத்தர் சொல்ல மறந்ததால் அண்ணன் தம்பி ஊட்டுக்குள் தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் எனக்கே தெரியும். அடுத்த தடவை நாங்கள் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தலைவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்கன்னு யாரும் சொல்லாம எப்படீங்க உள்ள வர்றது?"

அந்த நேரம் பார்த்து, தன் அப்பாவுக்கு டிபன் கேரியர் கொண்டு வந்திருந்த அந்தப் பெண், தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மானம் போய்விட்டது. சந்தோஷமாகவும் இருந்தது.

கடைசியில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். தலைவர் வரும்போது எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியே செய்தோம். அவரும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் குத்தினார்கள். கடைசியில் நான் போய்க் கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். அவர் உதடு அசைந்தது. கதைப்படி அந்த இடத்தில் தலைவர் மனம் உடைந்து ஏதோ சொல்ல வேண்டும், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். காதில் தகரம், ஒன்றும் கேட்கவில்லை. குடத்து ஆரத்தியை ஊற்றினார்கள். செத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு. பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு, வாத்தியார் குரலையும் சோக வயலினையும் போட்டிருந்தார் அண்ணன். எங்கள் வீட்டில் கூட்டம். நான் குத்தியபோது அம்மாகூட "அடப்பாவி" என்றாள். நன்றாகத்தான் வந்திருந்தது.

மறுநாள் காலை அண்ணன் மூச்சிரைக்கப் பட்டறைக்கு ஓடி வந்தார். பெண்ணின் அம்மா பொங்கிக்கொண்டிருக்கிறாராம்.

"குத்துனதுக்குங்களா?"

"அதுக்கில்லீங்க." அந்த அம்மா பேசியதை அப்படியே பேசிக் காட்டினார். "'குத்துனது கெடக்குது, அது கதை. எங்க ஊட்டுக்காரரு உள்ள வாராரு. எல்லாருத்துக்கும் மூத்தவரு. ஒருத்தன் எந்திரிச்சு வாங்கன்னு சொன்னானா? மத்தவனுங்களை உடு. பொண்ணு கேட்டு வந்தவன் சொல்ல வேண்டாமா? கூரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கறான். இவனுக்குப் பொண்ணக் குடுத்தா நாளைக்கு நாம போனாலும் கூரையைத்தான் பாப்பான்'கறாங்க."

நீங்கள் சிரிக்கலாம். நான் அண்ணனையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "வேற என்ன பண்ணியிருந்தாலும் பேசிச் சரி பண்ணிப்போடலாம் சாமி. இதுக்கு என்னன்னு போய்ப் பேசறது?"

எனக்காகப் பேச ஓர் ஆள் இருந்தது. அந்தப் பெண்தான். "மொதல்ல எந்திரிச்சுச் சொன்னாருங்கம்மா. நான் அங்கதான் இருந்தேன். கேபிள்காரரு அதை வெட்டிப்போட்டாரு" என்றிருக்கிறாளாம், அண்ணன்தான் சொன்னார். பெண் பார்க்கப் போன அன்று என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள், எனக்குச் சாட்சி சொல்கிறாள்! அதைக் கேட்டு நான் அண்ணனையே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த அம்மா லேசில் விடுகிறவர் இல்லை. "அப்ப அதைப் போட்டுக் காட்டச் சொல்லு. ஊரே பாத்த டிவியில ஊரே பாக்கோணும். இல்லீன்னா ஆனைமலைக்குப் போய் மொளகாய் அரைச்சுப்போடுவேன்" என்று அண்ணனுக்கே சொல்லி அனுப்பிவிட்டார். நியாயம் கேட்டு ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசினால் தப்புப் பண்ணினவனை அம்மன் சும்மா விடாது என்பார்கள். அண்ணன் முகம் வெளிறிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எதையாவது வெட்டினால் மறுபடியும் வம்பு வருமென்று, கேமராவிலிருந்து எடுத்த கேசட்டை அப்படியே ஓடவிட்டார். வயலின் இல்லை, வாத்தியாரும் இல்லை. தலைவர் வந்தார். எல்லாருக்கும் முன்னால் நான் எழுந்தேன், தலைக்கவசம் கோணிக்கொள்ள, கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க, வாங்க." தெருவே சிரித்தது. "அப்பாடா, என் வவுத்துல பாலை வாத்தான்" என்றாள் அம்மா.

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வாசலில் நின்று அடம்பிடித்தது, அண்ணன் திட்டியது, கூரையைப் பார்த்தது, எல்லாம் வந்தன. பிறகு குத்து. தகரச் சத்தம். கடைசியாக நான் கண்ணை மூடிக்கொண்டு போனேன். அப்போது, கேமரா பக்கத்திலேயே இருந்ததால், சாகிறவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாத்துங்க மாப்ளே, தகரம் கையைக் கிழிச்சுப்போடும்."

சொல்லிவிட்டுச் செத்தார்.

பக்கத்து வீட்டில் யாரோ "மாப்ளேன்னாருங்க!" என்று கத்தினார்கள். அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பேச்சு முடிவாகும்வரை பெண்ணைப் பெற்றவர் வாயில் அந்த வார்த்தை தவறிக்கூட வராது. மேலெல்லாம் தகரக் கத்தி இடிக்க, அந்த மனுஷர் என் கையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா என் கையை எடுத்து, வெட்டுக்காயம் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தாள்.

அந்த நேரம் அவர்கள் வீட்டில் நடந்ததை என் மனைவி இப்போதும் சொல்லிக் காட்டுவாள். அவளுடைய அம்மா புருஷன் பக்கம் திரும்பினாராம். "ஆடி கழியட்டும், ரோசிக்கலாம்னு எங்கிட்டச் சொல்லிப்போட்டு, அங்க போயி உசுரு போறப்ப மாப்ளேங்கறீங்களா?"

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டாராம். "சாவறப்போ எப்படி அம்மணி பொய் வரும்?"

மறுநாள். ஆடி இன்னும் முடிந்திருக்கவில்லை. பட்டறையில் குனிந்து தகரம் வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. முன்னால் அவர், பின்னால் அந்த அம்மா, காதைத் தீட்டிக்கொண்டு.

சடாரென்று எழுந்தேன். "வாங்க மாமா! வாங்க அத்தை!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"வாரேனுங்க மாப்ளே" என்று சொல்லிக்கொண்டே மாமா உள்ளே வந்தார்.

அத்தை மட்டும் படியிலேயே நின்று என் கையைப் பார்த்தார். தகரம் வெட்டுகிற கத்திரி அதில் அப்படியே இருந்தது.

"மொதல்ல அதைக் கீழ வைங்க மாப்ளே. அப்பறம் வாரேன்."