டாக்டர் சொன்ன சின்ன வார்த்தைங்க

எங்கம்மா செத்து நாலு மாசம் ஆவுது. அன்னிக்கி காலைல டாக்டரு எங்கிட்ட மூணு இங்கிலீஷ் வார்த்த சொன்னாரு. டச் அண்ட் கோ. அதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்கு தெரியல. தெரியலன்னு அவருகிட்ட நான் சொல்லவும் இல்ல.

நான் எட்டாவதோட நின்னவ. அம்பத்தூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங் வேல. தச்சு வர்ற சட்டைல நூல் வெட்டணும், கறை கீதான்னு பாக்கணும். சூப்பர்வைசரு பாதி இங்கிலீஷ் பாதி தமிழ்ல படபடன்னு சொல்லிகினே நடந்துடுவாரு. புரியுதோ இல்லியோ, "ஓகே சார்"னு சொல்லிடணும். அப்பறம் பக்கத்து டேபிள்காரி இன்னா செய்யறாளோ அத பாத்து செய்யணும். திருப்பி கேட்டா, "இன்னாம்மா, காதுல பஞ்சு அடைச்சிகினு வந்தியா? உனுக்குன்னு தனியா ஸ்பீக்கர் கட்டட்டுமா?"ன்னுவாரு. மொத்த லைனும் சிரிக்கும். ஆறு வருசம் அப்பிடியே ஓடிப்போச்சி.

அம்மாவுக்கு மொதல்ல வெறும் ஜொரம் தான். மாத்திர போட்டுகினு சமைச்சிகினு தான் இருந்துச்சி. அப்பறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சிது. பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம். நெஞ்சுல சளி கட்டிகிச்சின்னு ஐசியூல வெச்சிட்டாங்க. நானும் நைனாவும் வெளிய சேர்ல மூணு நாளு. நைனா சென்ட்ரிங் வேல செய்யுது. வேலைலேந்து அப்பிடியே வந்தது, சட்ட பூரா சிமெண்ட்டு.

மொத நாள் சாயந்தரம் உள்ள உட்டப்போ அம்மா மாஸ்க்க தூக்கிட்டு சொன்னுச்சி: "யோவ், ஊட்டுக்கு போய் குளிச்சிட்டு வாய்யா. நோவுல சாவறேனோ இல்லியோ, உன் நாத்தத்துலயே போய் சேந்துடுவேன்."

"நீ எழுந்து வந்து முதுகு தேச்சி உடு, குளிக்கிறேன்"னுச்சி நைனா. நர்சம்மாவே சிரிச்சிட்டாங்க.

நாலாம் நாள் காலைல டாக்டரு வெளிய வந்தாரு. சின்ன வயசு தான், கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சி. நைனா என் முதுகுல கைய வெச்சி முன்னாடி தள்ளுச்சி. "நீ படிச்ச பொண்ணு, நீ கேளு."

அவரு ஏதேதோ சொன்னாரு. நடுவுல, "டச் அண்ட் கோ தான் இப்ப"ன்னாரு. "பாப்போம், ஓகேவா?"

"ஓகே சார்"னேன்.

நான் வேற வார்த்தைக்கு காத்துகினு இருந்தேன். மூணு நாளா அந்த ஐசியூ வாசல்ல ஒவ்வொரு குடும்பத்துகிட்டயும் இன்னா சொல்றாங்கன்னு கேட்டுகினு தானே இருந்தேன். சீரியஸ்னா அழுவாங்க. கிரிட்டிக்கல்னா சொந்தக்காரங்களுக்கு போன் போடுவாங்க. வெண்டிலேட்டர்னா ஆம்பளைங்க கூட கீழ உக்காந்துடுவாங்க. எங்களுக்கு அதுல ஒண்ணும் வரல. டச்சும் தெரியும், கோவும் தெரியும், ரெண்டும் சின்ன வார்த்த. அவ்ளோ சின்ன வார்த்தைல போயி யாருன்னா அப்பிடி சொல்லுவாங்களா?

"இன்னாம்மா சொன்னாரு?"ன்னுச்சி நைனா.

"பாத்துக்கலாம்னாரு."

"சீரியஸ்னாரா?"

"சேச்சே, அந்த வார்த்தையே வரல. நல்லா தான் கீதாம். நீ போய் குளிச்சிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வா நைனா."

அதுக்கு மூஞ்சி தெளிஞ்சிடுச்சி. குமணன்சாவடி போய் ஷேர் ஆட்டோ புடிச்சி திருவேற்காட்டுல எங்க ஊட்டுக்கு போயிடுச்சி.

பதினோரு மணிக்கு என்ன மட்டும் உள்ள கூப்ட்டாங்க. அம்மா கண்ணு என்ன தாண்டி கதவ பாத்துச்சி. மாஸ்க்குக்குள்ள "எங்க?"ன்னுச்சி.

"குளிக்க போயிருக்குமா. நீ தானே சொன்ன. தோ வந்துடும்."

மறுபடியும் கதவ தான் பாத்துச்சி. அப்பறம் நர்சம்மா என்ன புடிச்சி வெளிய உட்டுட்டு தெரய இழுத்துட்டாங்க. போன் போட்டா நைனா எடுக்கல, தூங்குது. ரொம்ப நேரம் கழிச்சி தல சீவி, வெள்ள சட்ட போட்டுகினு, கைல ஒரு பிளாஸ்க்கோட வந்துச்சி. அதுக்குள்ள அம்மாவ துணி மூடி வெளிய கொண்டாந்துட்டாங்க.

துக்கம் கேக்க வந்தவங்க எல்லார்கிட்டயும் நைனா அத தான் சொல்லும். "நல்லா கீதுன்னு சொல்லி என்ன அனுப்பிட்டாம்பா அந்த டாக்டரு. பொய்க்காரன். கைல கெடச்சான், அவ்ளோதான்." திட்டறப்போ குரல் ஏறும். திட்டிட்டு ஒரு டீ குடிக்கும், ரெண்டு இட்லி துன்னும். நான் உள்ள நின்னு கேட்டுகினு இருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சி வேலைக்கு போனேன். கொஞ்ச நாள் கழிச்சி ஒரு ஷிப்மெண்டு லேட்டு. குவாலிட்டி மேடம் என் டேபிள் பக்கத்துல நின்னு போன்ல, "டச் அண்ட் கோ தான் சார்"னாங்க. என் கத்திரி நின்னுடுச்சி. ஆறு வருசத்துல மொத தடவ திருப்பி கேட்டேன்.

"மேடம், இப்ப சொன்னீங்களே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

"அதுவா? இழுபறிம்மா. சரக்கு இன்னிக்கி லாரி ஏறுனாலும் ஏறும், ஏறாமலும் போயிடும். ஏன்?"

"ஒரு ஆளப் பத்தி டாக்டர் சொன்னா?"

போன டேபிள் மேல வெச்சாங்க. "பொழைக்கலாம், போயிடவும் செய்யலாம். கூட கீறவங்க நவுராம கிட்டயே இருக்கணும்."

இழுபறி. எனக்கு தெரியாத வார்த்தையா? எங்க தெருவுல "இழுத்துகினு கீது"ன்னு ஒரு சொல்லு காதுல உழுந்தா, வேப்பம்பட்டுல கீற சொந்தக்காரங்க கூட போட்டது போட்டபடி ட்ரெயின் ஏறிடுவாங்க.

ஊட்டுக்கு போய் நைனாகிட்ட சொல்லிட்டேன். சொல்லாம இருந்திருக்கலாம். என்னால முடியல.

"அப்ப அந்தாளு சொல்லிகீறாரு"ன்னுச்சி.

"ஆமா நைனா. எனக்கு தான் புரியல. கேக்கவும் இல்ல."

நைனா சட்டய கழட்டி ஆணில மாட்டிட்டு செவுத்து பக்கம் திரும்பி படுத்துகிச்சி.

அதுலேந்து டாக்டர திட்டறது இல்ல. யாருன்னா கேட்டா, "ஜொரம் வந்துச்சி, போயிட்டா"ன்னு நிறுத்திக்கும். டீய ஆற உட்டுடுது. வேலைக்கும் சரியா போறதில்ல. அதுக்கு திட்டறதுக்குன்னு ஒரு ஆளு இருந்தான், அவனையும் நான் புடுங்கிட்டேன்.

போன வாரம், "என்னயாச்சும் திட்டு நைனா"ன்னு கேட்டேன்.

"கம்பெனி பஸ்சு வந்துட போவுது, கெளம்பு"ன்னுச்சி.

கெளம்பிட்டேன்.